மார்கழிக் குளிரில் இதயம்: பி.பி.யின் இரண்டு எண்களையும் பாருங்கள்

மார்கழி, தை மாதங்களில் உடல் சூட்டைக் காக்கத் தோலுக்கடியிலுள்ள சிறு ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, பி.பி. ஏறுகிறது. இளம் வயதில் தமனிகள் இதற்கு ஈடுகொடுத்துவிடும். அறுபதைத் தாண்டியவர்கள், நெடுநாள் சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள், புகைபிடிப்பவர்கள் ஆகியோருக்குத் தமனிச் சுவர் விறைத்திருக்க வாய்ப்பு அதிகம். இந்த அறிவுரை முக்கியமாக அவர்களுக்குத்தான்.

விறைப்பு ஏன் இதயத்தைப் பாதிக்கிறது?

இதயத்தின் இடது கீழறைத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் இதயம் தளரும் நேரத்தில்தான் கிடைக்கிறது. சுருங்கும்போது தசையே தனக்குள் ஓடும் குழாய்களை நெரித்துவிடும். நெகிழ்வான மகாதமனி, இதயம் சுருங்கும்போது விரிந்து கொஞ்சம் ரத்தத்தைத் தேக்கிக்கொள்ளும். தளரும்போது சுருங்கி அதை முன்தள்ளும். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுவரும் கரோனரி தமனிகளுக்கு இந்த அழுத்தமே ஆதாரம். விறைத்த மகாதமனி அவ்வளவாக விரியாது. அதனால் பி.பி.யின் மேல் அளவு ஏறி இதயத்தின் வேலை கூடுகிறது. கீழ் அளவு இறங்கி அதற்கு வரும் ரத்தம் குறைகிறது. கரோனரியில் ஏற்கெனவே அடைப்பும் இருந்தால் ஆபத்து இரட்டிப்பாகும்.

இப்போது செய்ய வேண்டியவை

1. ஏழு நாள் அளந்து எழுதுங்கள். காலையில் மாத்திரைக்கு முன்பும் மாலையிலும் அளவிடுங்கள். அதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து காபி வேண்டாம். 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை பாருங்கள். பிறகு மேல் அளவிலிருந்து கீழ் அளவைக் கழியுங்கள். 120/80 என்றால் வித்தியாசம் 40. 165/70 என்றால் 95. வயதானவர்களுக்கு இது 60ஐத் தாண்டினால் தமனி விறைத்திருக்கக்கூடும். ‘கீழே நார்மல்தானே’ என்று விட்டுவிடாதீர்கள். வீட்டுச் சராசரி 135/85க்கு மேல் போனாலும், கீழ் அளவு 60க்குக் கீழே இறங்கினாலும் டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

2. வெயில் வந்தபின் நடங்கள். தினசரி நடை தமனியின் நெகிழ்வைக் காக்க உதவும். ஆனால் பனியில் வேண்டாம். முதல் 10 நிமிடம் மெதுவாக நடந்து பிறகு வேகம் கூட்டுங்கள். விடியுமுன் கோலம் போடவோ கோயிலுக்கோ போகிறவர்கள் ஸ்வெட்டர் போட்டு, காதை மூடிக்கொள்ளுங்கள்.

3. சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை விரதத்துக்காக நிறுத்தக் கூடாது. பச்சைத் தண்ணீர்க் குளியல் ஒத்துக்கொள்ளுமா என்று டாக்டரைக் கேளுங்கள். மலையேறும்போது நெஞ்சு இறுகினால் அங்கேயே உட்கார்ந்து உதவி கேளுங்கள். வேகமாகத் துடிக்கும் இதயத்துக்குத் தளரும் நேரம் குறைவு. ஏறிக்கொண்டே இருந்தால் ரத்த வரத்து இன்னும் சுருங்கும்.

4. சளி, வலி மாத்திரைகளில் கவனம். மூக்கடைப்பு நீக்கும் ஃபினைலெஃப்ரின், சூடோஎஃபெட்ரின், மூட்டுவலிக்கான டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் ஆகியவை பி.பி.யை ஏற்றக்கூடியவை. மருந்துக்கடையில் கேட்கும்போதே ‘எனக்கு பிரஷர் இருக்கிறது’ என்று சொல்லுங்கள்.

5. உப்பைக் குறையுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். பீடி, சிகரெட்டை அடியோடு விடுங்கள்.

உடனே 108ஐ அழைக்க வேண்டியது எப்போது?

நெஞ்சில் பாரம், தாடைக்கோ தோளுக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, திடீர் மூச்சிரைப்பு. சர்க்கரை உள்ளவர்களுக்கும் வயதான பெண்களுக்கும் வலியே இல்லாமல் களைப்பும் மூச்சிரைப்பும் மட்டும் வரலாம். வாயு என்று நினைத்து, சோடா குடித்துக் காத்திருக்க வேண்டாம். தானே வண்டி ஓட்டிப் போகவும் வேண்டாம். தமிழகத்தில் ‘இதயம் காப்போம்’ திட்டத்தின் கீழ் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் தவணை மாத்திரைகள் தரப்படுகின்றன. உங்கள் ஊர் நிலையம் எங்கே, இரவில் திறந்திருக்குமா என்று இன்றே விசாரித்து, வீட்டிலுள்ள எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.