வாலிபப் பிள்ளையும் கைபேசியும்

 

அபூ உமாமா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி முஸ்னது அஹ்மதில் பதிவாகியுள்ளது. ஓர் இளைஞர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, விபச்சாரம் செய்யத் தமக்கு அனுமதி கேட்டார். சபையோர் அவரை அதட்டினார்கள். நாயகம் (ஸல்) அவர்களோ அவரை அருகே அழைத்து அமர்த்தினார்கள். அவருடைய தாய்க்கு இதை விரும்புவாரா என்று வினவினார்கள். பின்னர் மகள், சகோதரி, மாமி, சாச்சி என ஒவ்வோர் உறவாகக் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் அவர் மறுத்தார். பிறரும் தம் வீட்டுப் பெண்களுக்கு அதை விரும்பமாட்டார்கள் என உணர்த்தினார்கள். முடிவில் அவர்மீது கைவைத்து, பாவ மன்னிப்புக்கும் உள்ளத் தூய்மைக்கும் கற்பின் பாதுகாப்புக்கும் துஆச் செய்தார்கள். அதன்பின் அவர் மனம் அப்பக்கம் திரும்பவில்லை.

கவனியுங்கள்! ஹராம் ஹலாலாக்கப்படவில்லை, கேட்டவர் விரட்டப்படவும் இல்லை.

இன்று அதே கேள்வியைப் பிள்ளைகள் வாப்பாவிடம் கேட்பதில்லை, கைபேசியிடம் கேட்கிறார்கள். நம் வீடுகளில் சபையோரின் அதட்டல் இருக்கிறது. அருகே அழைக்கும் கனிவு குறைந்துவிட்டது. முகமறியாத ஒருவனுக்குப் படம் அனுப்பிவிட்டு, மிரட்டலுக்கு ஆளாகித் தவிக்கும் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். ‘வாப்பாவுக்குத் தெரிந்தால் என்னாகும்?’ என்ற அச்சமே மிரட்டுபவனின் ஆயுதம். அந்த ஆயுதத்தை அவன் கையில் நாமே கொடுக்கலாமா?

நாம் செய்யவேண்டியவை:

1. பிள்ளையிடம் தவறு கண்டால் தனியே அழைத்துப் பேசுங்கள். உடன்பிறந்தார் முன்னிலையிலோ உறவினர் கூட்டத்திலோ மானத்தை வாங்காதீர்கள்.

2. பிரசங்கம் செய்யாமல் கேள்வி கேட்டுச் சிந்திக்க வையுங்கள். திரையில் தோன்றும் பெண்ணும் ஒரு வீட்டின் மகளல்லவா?

3. இஷாவுக்குப் பின் எல்லாக் கைபேசிகளும் கூடத்தில் ஓரிடத்தில் இருக்கட்டும். வாப்பாவின் கைபேசியும் அங்கேயே இருக்கட்டும்.

4. யாரேனும் மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள். வந்த செய்திகளை அழிக்காதீர்கள். காவல்துறையையோ, குழந்தைகள் உதவி எண் 1098-ஐயோ நாடுங்கள். ‘என்னிடம் சொன்னாயே, அதுவே நல்லது’ என்பது பிள்ளை கேட்கும் முதல் வார்த்தையாக இருக்கட்டும்.

5. தலையில் கைவைத்து, பிள்ளையின் காதில் விழும்படி துஆச் செய்யுங்கள்.

இடங்கொடுத்தால் கெட்டுவிடும் என்று சிலர் அஞ்சுவர். பாவத்திற்கு இடங்கொடுப்பது வேறு. பாவத்தில் விழவிருக்கும் பிள்ளைக்கு நம் அருகில் இடங்கொடுப்பது வேறு. பின்னது நாயக வழி.

வல்ல அல்லாஹ் நம் மக்களை நமக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.