ஆட்டுத் தோலும் விளக்குக் கூடும்

மயிலாடும்பாறையிலிருந்து வருசநாடு செல்லும் சாலையில் மாலை வேளையில் சற்று நின்று பார்த்தால், மேய்ச்சல் முடிந்து திரும்பும் ஆட்டுக் கூட்டம் ஒன்றாவது கண்ணில் படும். ஆட்டின் பாலும் இறைச்சியும் எருவும் எவ்வாறு பயன்படுகின்றன என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் நன்கு அறிவர். தோல் என்னவாகிறது என்று கேட்டால் மட்டும், "தோல் வியாபாரி வந்து வாங்கிப் போவார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அவர் வாங்கும் தோல் திண்டுக்கல் போன்ற ஊர்களுக்குச் சென்று பதனிடப்பட்டுச் செருப்பாகவும் பையாகவும் மாறுகிறது. ஆனால் அதே ஆட்டுத் தோலை மின்விளக்கின்மேல் போர்த்தி, அதை விற்று வாழ்கின்ற ஓர் ஊரும் உண்டு. அவ்வூரைப் பற்றியும் அத்தொழிலின் அன்றாடக் கணக்கைப் பற்றியும் இக்கட்டுரையில் காண்போம்.

ஊரின் பெயர் நிம்மலகுண்டா. தெலுங்கில் 'நிம்ம' என்றால் எலுமிச்சை. 'குண்ட' என்றால் குட்டை. ஆந்திர மாநிலத்தில் தர்மாவரத்துக்கு அருகே உள்ளது. தர்மாவரம் என்றதும் நம் தாய்மார்களுக்குப் பட்டுச் சேலை நினைவுக்கு வரும், அதே தர்மாவரந்தான். முன்பு அனந்தப்பூர் மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, 2022 முதல் ஸ்ரீ சத்யசாய் மாவட்டத்தில் அடங்குகிறது. மழை குறைந்த பூமி. ஆண்டுக்கு ஏறக்குறைய 550 மில்லிமீட்டர்தான் பெய்யும். உழவருக்கு அது துன்பம். தோலைக் காயவைப்பவருக்கோ அதுவே துணை.

இங்குள்ள கலைஞர் குடும்பங்கள் பரம்பரையாகத் தோற்பாவைக் கூத்து நடத்தியவர்கள். தெலுங்கில் இதனைத் 'தோலு பொம்மலாட்டம்' என்பர். வெள்ளைத் திரைக்குப் பின்னே விளக்கை ஏற்றி, இடையில் வண்ணத் தோற்பாவைகளை ஆட்டி, இராமாயண, மகாபாரதக் கதைகளை விடிய விடிய நடத்துவார்கள். தமிழ்நாட்டில் தோற்பாவைக் கூத்து நடத்தும் குடும்பங்களைப் போலவே இவர்களும் வீட்டில் மராத்தி கலந்து பேசுபவர்கள். சினிமாவும் பின்னர் தொலைக்காட்சியும் வந்தபின் கூத்துக்கு அழைப்போர் அருகினர். பாவை செய்யத் தெரிந்த கைகள் இருந்தன. பார்க்க ஆள் இல்லை. அந்நிலையில் அவர்களுக்குக் கைகொடுத்த பொருள்களுள் முதன்மையானது 'லாம்ப் ஷேடு' எனப்படும் விளக்குக் கூடு.

எண்ணிப் பாருங்கள். பாவையும் விளக்குக் கூடும் ஒரே தத்துவத்தில் இயங்குவன. இரண்டிலும் ஒளி பின்னால் இருக்கிறது. தோல் நடுவில் இருக்கிறது. பார்ப்பவர் முன்னால் இருக்கிறார். திரையை எடுத்துவிட்டுத் தோலை வட்டமாக வளைத்தால் கூத்து மேடையே கூடாகிவிடுகிறது அன்றோ!

இனி வேலையைப் பார்ப்போம். செருப்புக்குரிய பதனிட்ட தோல் இதற்கு ஆகாது. நம் பக்கத்துக் காடுகளில் மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கும் ஆவாரஞ்செடியின் பட்டை, முற்காலத்தில் தோல் பதனிடப் பெரிதும் பயன்பட்டது. அவ்வாறு பதனிட்ட தோல் உறுதியாக இருக்கும். ஆனால் ஒளியை விடாது. விளக்குக் கூட்டுக்கு வேண்டியது பதனிடாத பச்சைத் தோல். அதை வெந்நீரில் ஊறவைத்து, மயிரையும் உட்புறத்துச் சதையையும் கொழுப்பையும் சுரண்டி எடுத்து, இழுத்துக் கட்டி வெயிலில் காயவைத்தால் எண்ணெய்த்தாள் போல ஒளி ஊடுருவும் தகடாக மாறுகிறது.

சுரண்டும் வேலை காலையிலேயே தொடங்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் தோல் கட்டியாகிவிட்டால்தான் அன்றே காயும். காயும் வரை ஒருவர் காவல் இருக்க வேண்டும். இல்லையேல் காக்கையும் நாயும் முதல் வாடிக்கையாளர்களாக வந்துவிடும்! வாடையைப் பொறுக்கும் மனமும் வேண்டும். அழகிய கூட்டைக் கடையில் காண்பவர்கள் இந்தப் பகுதியைக் காண்பதில்லை.

கூட்டின் எலும்புக்கூடு இரும்புக் கம்பியால் ஆனது. பட்டறையில் வெல்டிங் செய்து வந்ததும் அதற்குப் பெயிண்ட் அடிப்பது அவசியம். ஈரத் தோல் வெறும் இரும்பில் பட்டால் துருக்கறை தோலில் ஏறிவிடும்; அது பின்பு எதற்கும் போகாது. தோலை மீண்டும் நனைத்து, சட்டத்தின் மேல் இழுத்து, மெல்லிய தோல் வாரினாலேயே தைக்கிறார்கள். காயக் காயத் தோல் சுருங்கிச் சட்டத்தை இறுக்கிப் பிடிக்கும். பறையை நெருப்பில் காட்டினால் தோல் விறைப்பதை நீங்கள் திருவிழாவில் பார்த்திருப்பீர்கள், அதே குணந்தான். எங்கேனும் தையல் தளர்ந்திருந்தால் அவ்விடத்தில் சுருக்கம் விழும்.

ஆட்டின் முதுகுப் பக்கத் தோல் தடித்தது. வயிற்றுப் பக்கம் மெல்லியது. விளக்கைப் போட்டதும் தடித்த இடம் மங்கலாகவும் மெல்லிய இடம் பளிச்சென்றும் தெரியும். கைதேர்ந்தவர் இதை முன்பே பார்த்துத் தோலை வெட்டுவார். வண்ணத்திலும் ஒரு நுட்பம் உண்டு. சுவருக்கு அடிக்கும் பெயிண்ட் போன்ற தடித்த வண்ணம் ஒளியை மறைத்துவிடும். ஆகவே நீரில் கரையும் சாய வண்ணங்களையே பூசுகிறார்கள். பகலில் பழுப்பாகத் தோன்றும் இடம் இரவில் தேன் நிறமாக ஒளிரும். பாவைகளுக்கு நகை வரைவதற்கு உளியால் சிறு சிறு துளைகள் இடுவது போலவே கூட்டிலும் இடுகிறார்கள். சாயத்தின் வழியே வரும் ஒளி நிறம் ஏறி வரும்; துளையின் வழியே வருவது வெண்மணியாகத் தெறிக்கும். இக்கலையில் சிறந்த தளவாய் சலபதிராவ் அவர்களுக்கு 2020ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

பழைய குண்டு பல்பு இத்தொழிலுக்குப் பகையாக இருந்தது. அது வாங்கும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு வெப்பமாகவே போய்விடும். அந்தச் சூட்டில் தோல் வறண்டு மொறுமொறுத்து விளிம்பு சுருளும். இன்று 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. பல்பு தந்துவிடுகிறது, சூடும் மிகக் குறைவு. வெளிநாட்டு ஆர்டர் என்றால் வேறொரு கவனம் தேவை. நம் நாட்டில் பெரும்பாலும் முள் பொருத்தும் ஹோல்டர். பல நாடுகளில் திருகும் ஹோல்டர். ஹோல்டர் மாறிப்போனால் எவ்வளவு அழகிய கூடும் திரும்பி வந்துவிடும்.

இப்போது கடைக் கணக்குக்கு வருவோம். கைத்திறனைப் பாராட்டி எழுதுபவர்கள் பலர். கணக்கை எழுதுபவர் சிலரே. எனக்கோ இதுவே முக்கியமாகப் படுகிறது. கீழே வரும் தொகைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. சந்தை விலை அல்ல. ஒரு கூட்டுக்குத் தோல், சட்டம், சாயம், ஹோல்டர், ஒயர் எல்லாம் சேர்ந்து 600 ரூபாய் எனவும், செய்ய 3 நாள் உழைப்பு எனவும் கொள்வோம். வியாபாரி வீட்டுக்கே வந்து 1500 ரூபாய்க்கு வாங்கிக்கொள்கிறார். மிச்சம் 900, நாளுக்கு 300 ரூபாய்க் கூலி.

அதே கூட்டை நகரக் கண்காட்சியில் 2500 ரூபாய்க்கு விற்கலாம். "அப்படியானால் வியாபாரிக்கு ஏன் கொடுக்க வேண்டும்?" என்று உடனே கேட்பீர்கள். 20 கூடுகளைக் கட்டிக்கொண்டு போகிறோம். கடை வாடகை, ரயில், லாரி, சாப்பாடு எல்லாம் 9000 ரூபாய். போக, இருக்க, வர 12 நாள். விற்றது 12 கூடுகள் என்றால் வரவு 30,000. அவற்றின் பொருட்செலவு 7200, பயணச் செலவு 9000 போக, கையில் நிற்பது 13,800. செய்த நாள் 36, வெளியூரில் கழிந்த நாள் 12, ஆக 48 நாள். நாளுக்கு 287 ரூபாய் 50 காசு! வீட்டு வாசலில் வியாபாரி தந்ததைவிடக் குறைவு. 13ஆவது கூடு விற்றால்தான் 300ஐத் தாண்டுகிறது. இருபதும் விற்றுத் தீர்ந்தால் நாளுக்கு 400 ரூபாய்க்கு மேல் கிடைக்கும். விற்காமல் திரும்பிய எட்டில் 4800 ரூபாய் முதலும் 24 நாள் உழைப்பும் முடங்கிக் கிடக்கும். மழைக்காலம் வந்தால் அவற்றில் ஈரம் ஏறும், பூசணம் பூக்கும், வண்டு அரிக்கும். டெல்லி ஹாட், சூரஜ்குண்ட் மேளா போன்ற இடங்களுக்குச் செல்லும் எல்லாக் கைவினைஞர்களுக்கும் இந்தப் பதின்மூன்றாவது கூடு என்னும் கவலை ஏதோ ஓர் எண்ணில் இருக்கவே செய்யும்.

மேலே 3 நாள் என்று எழுதினோமே, அது யாருடைய நாள்? உலை கொதிக்கும் இடைவெளியில் தோலைச் சுரண்டிய தாயின் நேரமும், பள்ளி விட்டு வந்து சாயம் பூசிய மகளின் நேரமும் அதில் சேர்ந்தனவா? அவற்றையும் கூட்டி 4 நாள் என்று எழுதினால் கூலி 300 அன்று, 225தான். வீட்டுத் தொழில் நடக்கும் குடும்பங்களில் இந்த நான்காவது நாள் பெரும்பாலும் நோட்டில் ஏறுவதில்லை. நம் ஊரில் பூக்கட்டும் வீட்டிலும் இலவம் பஞ்சில் தலையணை தைக்கும் வீட்டிலும் இதே கதைதான். விலை சொல்லும்போது நான்காவது நாளைச் சேர்த்துச் சொல்லாதவர், தம்மை அறியாமலே அதனை வாங்குபவருக்கு இனாமாகக் கொடுக்கிறார்.

தெய்வங்களும் அரசர்களும் ஆடிய தோலைப் படுக்கையறை விளக்காக்கியது கலைக்கு இழிவு என்று சிலர் குறைப்படுகின்றனர். அக்கருத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. கூத்துக்கு அழைப்பில்லாத ஆண்டுகளிலும் உளி பிடித்த விரல் உளியை மறக்காதிருக்கக் காரணம் விளக்குக் கூட்டுக்கு வந்த ஆர்டரே. ஆயினும் ஓர் இழப்பு உண்டு. துளையிடும் திறன் பிள்ளைகளுக்கு வந்துவிட்டது. இரவு முழுவதும் பாடிய பாட்டுகள் அவ்வாறு வரவில்லை. கூடு வாங்குபவர் பாட்டுக்குப் பணம் தருவதில்லை அல்லவா?

மயிலாடும்பாறையில் இதனைச் செய்ய இயலுமா என்று பெற்றோர் சிலர் கேட்கக்கூடும். தோலுக்குக் குறைவில்லை, வெயிலுக்கும் குறைவில்லை. ஆனால் வாங்கும் பயணிகள் வருசநாட்டுச் சாலையில் வருவதில்லை. தேக்கடி செல்வோர் தேனி, கம்பம், குமுளி வழியாகவே செல்கின்றனர். ஆகவே வேலை இங்கும் கடை குமுளிப் பக்கமும் இருந்தால்தான் பொருந்தும். அப்போதும் மேற்சொன்ன போக்குவரத்துக் கணக்கைப் போட்டுப் பார்த்தே இறங்க வேண்டும்.

தோலுக்கு முன் தாளில் வெட்டிப் பழகலாம். வகுப்பில் படித்த கூம்பின் பாடம் இங்கே பயன்படும். மேல் வாய் 10 செ.மீ. விட்டம், கீழ் வாய் 20 செ.மீ. விட்டம், சாய்வு 15 செ.மீ. உள்ள கூடு வேண்டும் எனக் கொள்வோம். சார்ட் தாளில் ஒரே மையத்திலிருந்து 15 செ.மீ., 30 செ.மீ. ஆரங்களில் இரு வில் வரைந்து, 120 பாகைக்கு வெட்டி வளைத்தால் கூடு வந்துவிடும். இதன் பரப்பு ஏறக்குறைய 707 சதுர செ.மீ. எல்லா அளவையும் இரு மடங்காக்கினால் பரப்பு இரு மடங்கு ஆகாது. நான்கு மடங்காகி 2827 சதுர செ.மீ., அதாவது சுமார் 3 சதுர அடி ஆகும். ஓர் ஆட்டுத் தோலில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். "அளவு இரட்டிப்புத்தானே, விலையையும் இரட்டிப்பாக்கினால் போதாதா?" என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். வெட்டும்போது ஒட்டுவதற்கென ஓர் ஓரத்தில் 1 செ.மீ. கூடுதலாக விட்டுக்கொள்ளுங்கள். எல்.இ.டி. பல்பைத் தவிர வேறு பல்பை அதனுள் போட வேண்டாம்.