பொத்தான் மின்கலமும் அதன் உறையும்

கைக்கடிகாரத்திலும் கார்த் திறப்பிலும் இடப்படும் பொத்தான் மின்கலத்தை அறியாதார் இலர். பெருவழக்கிலுள்ள இலிதியம் வகையொன்றின் விட்டம் 20 மில்லிமீற்றர், தடிப்பு 3.2 மில்லிமீற்றர், அழுத்தம் 3 உவோற்று. இத்துணைச் சிறு பொருளைக் கடையில் தொங்கவிடும் உறைக்கு ஓர் ஆராய்ச்சியும் வேண்டுமோ என வினவலாம்.

குழந்தையொன்று விழுங்கின் அஃது உணவுக்குழாயிற் சிக்கக்கூடும். அங்குள்ள ஈரத்தினூடு மின்னோட்டம் பாய, எதிர்முனையருகே ஐதரொட்சைட்டு விளைந்து தசையை அரிக்கும். அதற்கு இரண்டு மணி நேரம் போதும். மின்கலம் உடைந்தொழுக வேண்டியதில்லை என்பதே பலர் அறியாதது.

ஆகவே உறையின் முதற்கடமை பிடித்து வைத்தலாம். வெப்பத்தால் இளக்கிய ஒளிபுகு பிளாஸ்திக்கிற் குழி அமைத்துப் பின்புறம் அட்டை ஒட்டுவர். குழி அகன்றால் மின்கலம் குலுங்கி ஒட்டைத் தளர்த்தும். மிக ஒடுங்கினால் எடுக்கும்போது துள்ளித் தரையில் உருளும். ஒவ்வொன்றுக்கும் தனிக்குழி வேண்டும். குவிந்து கிடப்பின் ஒன்றையொன்று தொட்டுச் சுற்று முழுமையாகி, விற்குமுன்னரே ஓய்ந்துவிடும், சூடேறவுங்கூடும். மேலும், ஒரு குழியைத் திறக்க ஏனையவையும் உதிருமாயின் அவ்வுறையாற் பயனில்லை.

அவுஸ்திரேலியாவில் 2022 யூன் 22 முதல் இதற்குக் கட்டாய நியமம் உண்டு. அவ்வாண்டு ஆகஸ்டில் அமெரிக்காவிலும், மின்கலம் விழுங்கி 2020இல் இறந்த பெண் மழலையின் பெயரால், ரீஸ் சட்டம் பிறந்தது. அங்கு உறைகளுக்கு விதித்த சோதனை சுவையானது. 42 முதல் 51 மாத வயதுப் பிள்ளைகளை இவ்விருவராக இருத்தி உறையைக் கொடுப்பர். ஐந்து நிமிடங் கழித்துத் திறக்கும் வகையை வாய்பேசாது காட்டி, பல்லாலுங் கடிக்கலாமெனக் கூறி, மேலும் ஐந்து நிமிடம் விடுவர். நூற்றுக்கு 85 பேரேனும் முன்னைய ஐந்து நிமிடத்தில், 80 பேரேனும் பத்து நிமிடத்திலும் திறக்க இயலாதிருத்தல் வேண்டும். ஆயின் 50 முதல் 70 வயதினருள் நூற்றுக்கு 90 பேரேனும் திறந்தாக வேண்டும்! (நம் பழைய மாணவர் பலர் இவ்வகுப்பினரே.) இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றுவதே அமைப்பாளனுக்குற்ற இடர். விரலாற் கிழிபடும் வெற்று அட்டை இங்கே தோற்கும். எனவே பின்புறமும் பிளாஸ்திக் இட்டுக் கத்தரிக்கோலால் வெட்டுமாறு செய்கின்றனர்.

கழற்றிய பழைய மின்கலத்துக்கோ உறையே இல்லை. ஓய்ந்ததெனினும் அதில் எஞ்சிய மின் தசையைச் சுடவல்லது. அதன் இருபுறமும் ஒட்டுநாடா சுற்றி, பிள்ளைகளின் கைக்கெட்டாதவாறு உடனே அகற்றிவிடுதல் வேண்டும்.