கைத்தட்டல் இல்லாத மண்டபம்

சேர்ந்து பாடுவதும் பக்தி, தனித்துப் பாடுவதும் பக்தி. சங்கீர்த்தனத்தில் ஆயிரம் குரல்கள் ஒரு குரலாகின்றன. ஏகாந்த வழிபாட்டில் ஒரு குரல் மட்டுமே இறைவனின் முன் நிற்கிறது. முதலாவதிலிருந்து இரண்டாவதை நோக்கி ஒருவர் செல்லும்போது அவரது உள்ளத்தில் நிகழ்வது என்ன என்பதே இங்குச் சிந்திக்கத்தக்கது. ஏனெனில், ‘இனி நான் தனியாகப் பாடுவேன்’ என்ற ஒரே வாக்கியத்தை அகங்காரமும் சொல்ல முடியும், அர்ப்பணமும் சொல்ல முடியும்.

மூவகைத் தியாகம்

ஸ்ரீமத் பகவத்கீதையின் 18-ஆம் அத்தியாயம் தியாகத்தை மூன்றாகப் பிரிக்கிறது. செய்ய வேண்டிய கடமையை மயக்கத்தால் கைவிடுவது தாமசத் தியாகம். துன்பம் தருகிறதே என்று அஞ்சிக் கைவிடுவது ராஜசத் தியாகம். கடமையைத் தொடர்ந்து செய்துகொண்டே, அதன் மீதுள்ள பற்றையும் அதன் பலனையும் மட்டும் விடுவது சாத்விகத் தியாகம். இங்குக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதல் இரண்டிலும் செயல் விடப்படுகிறது, பற்று தங்கிவிடுகிறது. மூன்றாவதில் பற்று விடப்படுகிறது, செயல் தங்குகிறது. ஆகவே ஒரு குழுவைவிட்டு விலகுவது மட்டுமே தியாகமாகிவிடாது. விலகியவர் எதை விட்டார், எதைக் கைவிடாமல் காத்தார் என்பதே அளவுகோல்.

ஒரு கிறிஸ்தவக் கலைஞர்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள யங்ஸ்டவுன் நகரில் 1951-ஆம் ஆண்டு பிறந்தவர் ஃபில் கீகி. நான்கு வயதில் நேர்ந்த விபத்தில் வலது கை நடுவிரலின் ஒரு பகுதியை இழந்தார். எனினும் கிடார் வாசிப்பில் தேர்ச்சி பெற்று, 1968-இல் நண்பர்களுடன் ‘கிளாஸ் ஹார்ப்’ என்னும் ராக் இசைக்குழுவைத் தொடங்கினார். 1970-இல் அவருடைய தாயார் கார் விபத்தில் காலமானார். அத்துயரின் நடுவில் அவர் கிறிஸ்துவிடம் தம்மை ஒப்படைத்தார்.

குழுவோ அப்போது வளர்ந்துகொண்டிருந்தது. 1971 நவம்பரில் நியூயார்க்கின் புகழ்பெற்ற கார்னகி ஹாலில் அவர்கள் வாசித்தனர். பெரிய நிறுவனம் ஒன்று அவர்களின் இசைத்தட்டுகளை வெளியிட்டது. குழுவின் பாடல்களிலேயே அவரது நம்பிக்கை இடம்பெறத் தொடங்கியிருந்தது. ஆயினும் 1972-இல் அவர் குழுவைவிட்டு விலகினார். அடுத்த ஆண்டு வெளிவந்த தமது முதல் தனி இசைத்தட்டில் எல்லா வாத்தியங்களையும் தாமே வாசித்தார். பின்னர் நியூயார்க் மாநிலத்தில் ஒரு கிறிஸ்தவச் சமூகத்தினருடன் சேர்ந்து சில ஆண்டுகள் வாழ்ந்தார்.

இசை அவரிடம் தங்கியது. ஏறிக்கொண்டிருந்த புகழ் விடப்பட்டது. எனினும் இந்த முடிவின் விலையை அவர் மட்டுமே கொடுக்கவில்லை. அவர் சென்றபின் அக்குழு நெடுநாள் நீடிக்கவில்லை. நல்ல நோக்கத்துடன் எடுக்கப்படும் முடிவும் பிறருக்கு இழப்பைத் தரலாம் என்பதைச் சாதகன் மறக்கலாகாது. இங்கு ஆறுதல் தரும் செய்தி, அவர்களின் நட்பு முறிந்துவிடவில்லை என்பது. பல ஆண்டுகளுக்குப் பிறகு, 2000-ஆம் ஆண்டில், அதே ஊரில் அதே நண்பர்களுடன் அவர் மீண்டும் மேடையேறினார். வெறுப்புடன் விலகியவருக்கு இவ்வாறு திரும்பி வருவது அரிது.

எல்லைக் கிராமங்களின் வழியே

இவ்வுண்மையின் மற்றொரு பக்கத்தைக் காணத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1956-இல் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது தெற்கே நான்கு வட்டங்கள் தமிழகத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் தங்கியது. களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை, அதற்கப்பால் நெய்யாற்றின்கரை. தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் இக்கிராமங்களில் கோயில் பஜனையும் உண்டு, தேவாலயப் பாடகர் குழுவும் உண்டு.

ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன் இவ்வழியே ஒரு பவனி செல்கிறது. பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி தேவி யானை மீதும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமி வெள்ளிக் குதிரை மீதும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை பல்லக்கிலும் புறப்பட்டு, குழித்துறையையும் நெய்யாற்றின்கரையையும் கடந்து திருவனந்தபுரம் சேர்கின்றனர். அங்குக் கோட்டைக்குள் உள்ள நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது மாலைகள் தேவியின் முன் சங்கீத ஆராதனை நடைபெறுகிறது. சுவாதித் திருநாள் மகாராஜா இயற்றிய நவராத்திரிக் கீர்த்தனைகள் நாளுக்கொன்றாக முதன்மை பெறுகின்றன. அம்மண்டபத்தில் எவரும் கைதட்டுவதில்லை. பாடப்படுவது தேவிக்காக, கூடியிருப்போர் உடனிருந்து வழிபடுவோர்.

பாறசாலையின் மகள்

தேவி கடந்து செல்லும் அப்பாறசாலையில் 1924-இல் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் பொன்னம்மாள். திருவனந்தபுரத்தில் 1939-இல் தொடங்கப்பெற்ற இசைக் கல்விக்கூடத்தின் முதல் மாணவி அவரே. பின்னர் அங்கேயே ஆசிரியையானார். திருப்பூணித்துறையிலுள்ள ஆர்.எல்.வி. இசைக் கல்லூரியின் முதல்வராகவும் பணியாற்றினார். பல தலைமுறை மாணவர்கள் அவரிடம் பயின்றனர்.

ஆனால் நவராத்திரி மண்டபத்தில் பெண்கள் பாடும் வழக்கம் இருக்கவில்லை. கலைகளின் தாயாகிய சரஸ்வதியின் சன்னிதியில் அவளுடைய மகள்களின் குரல் ஒலிக்கவில்லை. அரச குடும்பத்தைச் சேர்ந்த இசைக்கலைஞர் ராம வர்மாவின் முயற்சியால் 2006-இல் அந்நிலை மாறியது. முதற் பெண்ணாக அங்குப் பாடியவர் பாறசாலை பொன்னம்மாள். அப்போது அவர் எண்பது வயதைக் கடந்திருந்தார். 2017-இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. 2021 ஜூன் மாதம், 96-ஆம் வயதில் அவர் இறைவனடி சேர்ந்தார்.

கீகி திறந்திருந்த மேடையிலிருந்து விலகினார். பொன்னம்மாளுக்கு ஒரு மேடை நெடுங்காலம் மூடியே இருந்தது. முன்னவருக்குச் சோதனை, கிடைத்ததை விடுவது. பின்னவருக்குச் சோதனை, கிடைக்காத இடத்தை எண்ணிக் கலையில் தளராதிருப்பது. இரண்டிலும் சாதனை ஒன்றே: கேட்பவர் தரும் பலனிலிருந்து பாடலைப் பிரித்தெடுப்பது. எண்பது வயதுக்குப் பின் கதவு திறந்தபோது குரல் தயாராக இருந்ததென்றால், கதவு மூடியிருந்த காலத்திலும் பயிற்சி நின்றுவிடவில்லை என்பதே பொருள்.

தனிமை என்பது என்ன?

‘தனிக் கச்சேரி’ என்று சொல்கிறோம். உண்மையில் அங்குத் தம்புரா சுருதி தருகிறது; வயலின் பின்தொடர்கிறது; மிருதங்கம் காலத்தைக் காக்கிறது. குருவின் வாக்கு ஒவ்வொரு ஸ்வரத்திலும் உடன் நிற்கிறது. முற்றிலும் தனியாகப் பாடுபவர் எவருமில்லை. இதை உணர்ந்தவன் தனித்து நின்றாலும் பணிவுடன் நிற்பான். உணராதவன் குழுவின் நடுவிலும் தன் குரலை மட்டுமே கேட்டுக்கொண்டிருப்பான்.

ஆகவே, பஜனைக் குழுவிலோ பாடகர் குழுவிலோ இருந்துகொண்டு, தனிவழி செல்லலாமா என்று தயங்கும் இளைஞனுக்குச் சாத்திரம் ‘செல்’ என்றோ ‘செல்லாதே’ என்றோ பொதுவான கட்டளை இடுவதில்லை. கண்ணபிரானும் எல்லாவற்றையும் உபதேசித்த பின்னர், நன்கு ஆராய்ந்து விரும்பியபடி செய்யுமாறு அர்ஜுனனிடமே முடிவை விட்டார். ஆராய்வதற்கு உதவியாகச் சில கேள்விகள் கீழே தரப்படுகின்றன. குழுவின்மீது கோபம் கொதிக்கும் நாளில் இவற்றுக்கு விடை தேட வேண்டாம். மனம் அடங்கிய ஒரு காலைப் பொழுதில், ஜபத்திற்குப் பிறகு தேடுவது நலம்.

சிந்தனைக்கு:

1. கைதட்ட ஒருவரும் இல்லாத மண்டபத்திலும் இதே ஈடுபாட்டுடன் பாட இயலுமா?

2. விலகுவதால் உடனிருப்போருக்கு நேரும் இழப்பு எது? அதைக் குறைக்கச் செய்யக்கூடியது என்ன?

3. பத்து ஆண்டுகளுக்குப் பின் அவர்கள் அழைத்தால், மகிழ்ச்சியுடன் திரும்பிச் சென்று ஒரு பாடல் பாட முடியுமா?