மாதம் இரண்டு இரவுகள்: வானியல் மன்றம் நடத்துவோருக்குச் சில யோசனைகள்

2019 டிசம்பர் 26 காலை, ஒன்பதரை மணியை ஒட்டி, புதுக்கோட்டை வானில் சூரியன் நெருப்பு வளையமாக நின்றது. உதகை, கோவை, ஈரோடு, கரூர், திருச்சி வழியாக வந்த வளையக் கிரகணத்தின் (நிலவு சூரியனின் நடுப்பகுதியை மட்டும் மறைத்து விளிம்பை விட்டுவைப்பது) பாதையில் இந்த மாவட்டமும் இருந்தது. இப்படி ஒரு நிகழ்ச்சி வரும்போதெல்லாம் பள்ளிகளிலும் ஊர்களிலும் வானியல் மன்றங்கள் முளைக்கின்றன. ஆறேழு மாதம் கழித்துப் பார்த்தால் பலவற்றில் பேச்சுமூச்சு இருப்பதில்லை. பொறுப்பாளர்கள் தங்கள் மேலேயே பழியைப் போட்டுக்கொள்கிறார்கள். அதற்கு அவசியமில்லை. கோளாறு எங்கே என்று தெரிந்தால் சரிசெய்துவிடலாம்.

கிரகணத்தை நம்பித் தொடங்கிய மன்றம் அடுத்த கிரகணம் வரை தாக்குப்பிடிக்காது. தென் தமிழ்நாட்டின் மேல் அடுத்த வளையக் கிரகணம் 2031 மே 21-இல்தான் வருகிறது. இடைப்பட்ட காலத்தில் மாதாமாதம் என்ன செய்வது என்ற திட்டம் இல்லாததே முதல் காரணம். இரண்டாவது காரணம், எல்லாவற்றையும் ஒரு தொலைநோக்கியின் தலையில் கட்டுவது.

மன்றம் நோய்ப்படுவதற்குச் சில அறிகுறிகள் உண்டு. நிகழ்ச்சித் தேதியைத் தலைமை விருந்தினரின் வசதிப்படி குறிப்பது முதல் அறிகுறி. தேதி பௌர்ணமியில் போய் விழும். நிலவொளியில் விண்மீன்கள் மங்கிவிடும், நிலவும் நிழலே இல்லாத வெள்ளைத் தட்டாகத் தெரியும். அடுத்தது வரிசை. நூற்றைம்பது பிள்ளைகள் ஒரு தொலைநோக்கியின் பின்னால் நின்று ஆளுக்கு ஒரு நிமிடம் பார்த்தாலே இரண்டரை மணி நேரம் ஓடிவிடும். கடைசியில் நிற்கும் பிள்ளை கொட்டாவியோடு வீடு போகும், அடுத்த மாதம் வராது. தொலைநோக்கி பீரோவுக்குள் போய், சாவி யாரிடம் இருக்கிறது என்றே தெரியாமல் போவது முற்றிய நிலை.

மருந்து தினசரி நாட்காட்டியிலேயே இருக்கிறது. வளர்பிறை சஷ்டிக்கும் நவமிக்கும் இடையில் வரும் சனிக்கிழமை ஒன்று, அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை ஒன்று: இந்த இரண்டையும் ஆண்டுத் தொடக்கத்திலேயே வட்டமிட்டு வைத்துவிடுங்கள். நல்ல நேரம், ராகு காலம் இவற்றால் வான்நோக்கலுக்கு எந்தப் பயனும் இல்லை. திதி மட்டும் நிலவின் கணக்கு, அதை நம்பலாம்.

வளர்பிறை அஷ்டமி வாக்கில் பொழுது சாயும்போதே நிலவு உச்சிக்கு அருகில் வந்திருக்கும். அன்று பாதி நிலவுதான் ஒளிரும். ஒளியும் இருளும் சந்திக்கும் எல்லைக்கோட்டில் (அங்கே நிலவில் சூரியன் அப்போதுதான் உதித்துக்கொண்டிருக்கும்) கிண்ணக்குழிகளின் நிழல் நீண்டு விழுவதால், அவற்றின் ஆழம் சிறிய தொலைநோக்கியிலும் புலப்படும். இந்த இரவை பொதுமக்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் ஒதுக்குங்கள். அமாவாசை இரவு மன்றத்தின் மூத்த உறுப்பினர்களுக்கு. பால்வீதியும் விண்மீன் கொத்துகளும் அன்றுதான் வசப்படும். இரண்டு இரவுகளையும் ஒன்றாகக் கலந்தால் இரண்டுமே கெடும்.

பருவத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். இந்த மாவட்டத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மூன்று மாதங்களுக்கு வெளி நிகழ்ச்சிகளை அறிவித்துவிட்டு ஒவ்வொன்றாக ரத்து செய்வதைப் போல ஒரு மன்றத்தைச் சோர்வடையச் செய்வது வேறில்லை. அந்தக் காலத்தில் உள்ளரங்க வேலைகளை வைத்துக்கொள்ளுங்கள்: விண்மீன் வரைபடம் படிக்கப் பழகுதல், கருவிகளைச் சுத்தம் செய்தல், திருச்சி அண்ணா அறிவியல் மையக் கோளரங்கத்திற்கு ஒரு பயணம். டிசம்பர் 13, 14 இரவுகளில் வரும் ஜெமினிட் எரிமீன் பொழிவுக்கு மட்டும், மேகம் விலகினால் பார்ப்போம் என்ற அளவில் அறிவிப்பு போதும். ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் நமக்குத் தெளிந்த வானம் அதிகம் கிடைக்கும் காலம்.

அந்த வானத்தைத் தொலைநோக்கி இல்லாமலே பார்க்கத் தொடங்கலாம். உண்மையில் அப்படித்தான் தொடங்க வேண்டும். புதுக்கோட்டை சுமார் 10.4 பாகை வட அட்சரேகையில் இருப்பதால் துருவ நட்சத்திரம் வட அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 10 பாகை உயரத்தில் நிற்கும். கையை முழுக்க நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 பாகை. ஒரு முஷ்டி உயரத்தில் துருவனைத் தேடச் சொல்லுங்கள். வடநாட்டாரும் ஐரோப்பியரும் நம்மைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டிய திசை தெற்கு. பிப்ரவரியில் இரவு ஒன்பது மணியளவில் அகத்திய நட்சத்திரம் (வானின் இரண்டாவது ஒளிமிக்க விண்மீன்) தெற்கே மூன்று முஷ்டிக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் நிற்கும். மே நடுவில் அதே நேரத்தில் தென்சிலுவை தெற்கே இரண்டு முஷ்டி உயரத்தில் நேராக நிமிர்ந்திருக்கும். லண்டனில் இருப்பவருக்கு இந்த இரண்டுமே அடிவானத்திற்கு மேல் வருவதில்லை.

கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை, சித்திரை, சுவாதி, கேட்டை ஆகிய பெயர்கள் எல்லா வீட்டிலும் புழங்குபவை. பெரும்பாலும் ஜாதகத்தில்தான் புழங்குகின்றன; தன் நட்சத்திரம் வானத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பலருக்கும் கைகாட்டத் தெரியாது. முதல் கூட்டத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் நட்சத்திரத்தை வானில் காட்டிவிடுங்கள், அல்லது எந்த மாதம் தெரியும் என்றாவது சொல்லிவிடுங்கள். அந்தப் பிள்ளை அடுத்த கூட்டத்திற்கும் வருவதை என் அனுபவத்தில் பார்த்திருக்கிறேன். ஜோதிட வாதத்திற்குள் போகாமலே இதைச் செய்யலாம்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். திருமயம் கோட்டையும் சித்தன்னவாசலும் படம் எடுக்க அழகான இடங்கள். ஆனால் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள அந்தச் சின்னங்களை மாலையில் மூடிவிடுவார்கள். கண்மாய்க் கரையும் தைலமரக் காடும் இருட்டாக இருக்கும்தான். கண்ணாடி விரியன் நடமாடுவதும் அங்கேதான். கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டைமாடி கூடவே கூடாது. தெருவிளக்கு நேரடியாகக் கண்ணில் படாத பள்ளி மைதானமே போதுமானது. பெற்றோரின் சம்மதக் கடிதம், வீடு வரை உடன் செல்லும் பெரியவர்கள், கடைசி டவுன் பஸ்ஸின் நேரம் ஆகிய மூன்றும் முடிவான பிறகே நிகழ்ச்சியை அறிவியுங்கள். இரவில் மகளை அனுப்பத் தயங்கும் பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களையும் அழைத்துவிடுங்கள்.

கண் இருளுக்குப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். ஒருவர் கைப்பேசித் திரையை ஒளிரவிட்டால் அவ்வளவும் வீண். டார்ச்சின் முகப்பில் சிவப்பு செலோபேன் தாளை இரண்டு மூன்று மடிப்பாகக் கட்டிவிட்டால் தரையும் தெரியும், கண்ணும் கெடாது.

இனி வாங்கும் விஷயம். முதலில் 10×50 இருகண்நோக்கி (பைனாகுலர், பத்து மடங்கு பெரிதாக்கும், முகப்பு வில்லை 50 மில்லிமீட்டர்). வியாழனின் நான்கு பெரிய துணைக்கோள்கள், கார்த்திகைக் கூட்டம், நிலவின் பெரிய குழிகள் எல்லாம் இதிலேயே தெரியும். தொலைநோக்கி வாங்கும் பணம் சேர்ந்தால் 6 அங்குல டாப்சோனியன் (தாழ்ந்த பெட்டித் தாங்கியில் சுழலும், குழியாடி பொருத்திய தொலைநோக்கி) பள்ளிக்கு ஏற்றது. அட்டைப்பெட்டியில் பல நூறு மடங்கு பெரிதாக்கும் என்று அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். முகப்பு விட்டத்தின் ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்கு என்பதே நடைமுறை உச்சம்; 70 மில்லிமீட்டர் கருவி 140 மடங்குக்கு மேல் போனால் மங்கல்தான் பெரிதாகும். சனியின் வளையத்தைப் பார்க்க முப்பது மடங்கே போதும். கண்ணருகு வில்லையில் திருகிக்கொள்ளும் சிறிய சூரிய வடிகட்டி ஒன்றைச் சில மலிவுக் கருவிகளோடு தருவார்கள். குவிந்த வெப்பத்தில் அது பட்டென்று வெடிக்கும். பெட்டியைத் திறந்த அன்றே அதைச் சுத்தியலால் உடைத்து எறிந்துவிடுங்கள்.

ஈரப்பதம் நம் கருவிகளின் முதல் எதிரி. பூட்டிய பீரோவில் கிடக்கும் வில்லையில் பூஞ்சை வலைபோலப் படரும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் (ஈரம் உறிஞ்சும் மணிகள்) போட்டு வையுங்கள். வில்லையை வேட்டி முனையால் துடைப்பது, வாயால் ஊதி ஈரப்படுத்தித் தேய்ப்பது, விபூதி போட்டுத் துலக்குவது எல்லாமே மேல்பூச்சைக் கீறிவிடும். காற்று ஊதும் ரப்பர்க் குமிழால் தூசியை அகற்றுவது போதும். மீதிக் கறையோடு வாழலாம், காட்சி கெடாது.

பகலிலும் மன்றத்திற்கு வேலை உண்டு. நிழலில்லா நாள் (நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்பதால் செங்குத்தான கம்பத்தின் நிழல் பக்கவாட்டில் விழாத நாள்) புதுக்கோட்டைக்கு ஏப்ரல் 17-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 26-ஐ ஒட்டியும் வருகிறது. ஏப்ரலில் சுமார் 12.14 மணிக்குப் பாருங்கள். அதே நாளில் சென்னைப் பள்ளி ஒன்றோடு பேசிவைத்து, அங்கே ஒரு மீட்டர் கம்பின் உச்சிவேளை நிழலை அளக்கச் சொல்லுங்கள். ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். அது 2.7 பாகைக் கோணம். இரண்டு ஊர்களுக்கும் வடக்குத் தெற்காக உள்ள தொலைவு சுமார் 300 கிலோமீட்டர். 300-ஐ 2.7-ஆல் வகுத்து 360-ஆல் பெருக்கினால் பூமியின் சுற்றளவு நாற்பதாயிரம் கிலோமீட்டரை நெருங்கி வந்து நிற்கும். ஒரு கம்பும் ஒரு தொலைபேசியும்தான் செலவு. தொலைநோக்கி வாங்கப் பணமில்லை என்று மூடிக்கிடக்கும் மன்றங்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

குறிப்பேடு இல்லாத மன்றம் வேடிக்கை பார்க்கும் கூட்டமாகவே நின்றுவிடும். தேதி, நேரம், மேகம், பார்த்தது, பார்த்தவர் பெயர் ஆகியவற்றை எழுதிவைக்கச் சொல்லுங்கள். 2019 இறுதியிலும் 2020 தொடக்கத்திலும் திருவாதிரை வெகுவாக மங்கி, வழக்கத்திற்கு மாறாக ரோகிணியைவிடக் கீழே இறங்கியது. வெறும் கண்ணால் இரண்டையும் ஒப்பிட்டுக் குறித்துவைத்த எந்த மாணவனும் அந்த மாற்றத்தைத் தானே கண்டுபிடித்திருப்பான். சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒரு மாறு விண்மீனை (ஒளி கூடிக் குறையும் விண்மீன்) கண்டறிந்ததும் பொறுமையான இத்தகைய குறிப்புகளின் வழியில்தான்.

மன்றம் இருக்கும் ஊரில் வதந்திக்கு விடை சொல்லும் பொறுப்பும் உங்களுக்கு வந்து சேரும். வரிசையாக நகரும் ஒளிப்புள்ளிகளைக் கண்டு பறக்கும் தட்டு என்று அலறுவார்கள். அவை ஏவப்பட்டுச் சில நாட்களே ஆன ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களாக இருக்கலாம். சிமிட்டாமல் நாலைந்து நிமிடத்தில் வானைக் கடக்கும் ஒற்றை ஒளி பெரும்பாலும் பன்னாட்டு விண்வெளி நிலையம். ஆகஸ்ட் வந்தால் செவ்வாய் நிலவளவு பெரிதாகத் தெரியும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும். 2003 ஆகஸ்ட் 27-இல் செவ்வாய் பூமியை மிகவும் நெருங்கி வந்த செய்தியின் திரிபு அது. கிரகண நேரத்தில் தாம்பாளத்தில் உலக்கை நிற்கும் என்பார்கள். அடிப்பாகம் தட்டையான உலக்கை எல்லா நாளும் நிற்கும். முந்தின நாளே கூட்டத்தில் நிறுத்திக் காட்டிவிடுங்கள், சண்டை போட வேண்டாம்.

சூரிய கிரகணம் ஒன்றில்தான் கண்டிப்புக் காட்ட வேண்டும். 2027 ஆகஸ்ட் 2 மாலையில் பகுதிக் கிரகணம் இந்தியாவில் தெரியும். அதற்கு முன்பே பயிற்சி கொடுங்கள். சாணம் கரைத்த தண்ணீரில் பார்ப்பது, புகை படிந்த கண்ணாடி, எக்ஸ்ரே பிலிம், குறுந்தகடு, கூலிங் கிளாஸ் எதுவும் பாதுகாப்பு ஆகாது. ஐஎஸ்ஓ 12312-2 தரமுள்ள, கீறல் விழாத கிரகணக் கண்ணாடி வேண்டும். அதை அணிந்துகொண்டு தொலைநோக்கிக்குள் பார்ப்பதும் ஆபத்து. கூட்டத்திற்கு நல்ல வழி பிம்பம் விழச் செய்வது. சிறிய கண்ணாடியைக் காகிதத்தால் மூடி ஒரு சென்டிமீட்டர் துளை விட்டு, வெயிலைப் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளியுள்ள இருண்ட சுவரில் விழச் செய்யுங்கள். பத்து மீட்டருக்கு ஒன்பது சென்டிமீட்டர் என்ற கணக்கில் சூரிய வட்டம் சுவரில் விழும், நூறு பேர் ஒரே நேரத்தில் பார்க்கலாம்.

எச்சரிக்கையை மீறி யாராவது வெறும் கண்ணால் பார்த்துவிட்டால் பதற வேண்டாம், கவனியுங்கள். விழித்திரைக்கு (கண்ணின் பின்புறம் ஒளியை வாங்கும் படலம்) வலி தெரியாது. அதனால் பாதிப்பு அப்போதே உறைக்காது. சில மணி நேரம் கழித்து, பார்வையின் நடுவில் கரும்புள்ளி, நேர்க்கோடு வளைந்து தெரிதல், எழுத்து மங்கல், நிறம் வெளிறுதல் ஆகியவை தோன்றலாம். அப்படியானால் மறுநாளே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தாய்ப்பால் விடுவதும் நந்தியாவட்டைச் சாறு பிழிவதும் விழித்திரையை எட்டாது. கிருமித் தொற்றைத்தான் கொண்டுவரும். பலருக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் பார்வை தேறும். சிலருக்குக் குறை நிலைத்துவிடுவதும் உண்டு.

சந்திர கிரகணத்திற்கு இந்தக் கவலை எதுவும் இல்லை, வெறும் கண்ணே போதும். 2028 டிசம்பர் 31 இரவு, ஏறத்தாழ ஒன்பதே முக்கால் முதல் பதினொரு மணி வரை, முழுச் சந்திர கிரகணம் இந்தியா முழுவதும் தெரியும். அன்று பௌர்ணமி என்பதால் மேலே சொன்ன தேதிக் கணக்கிற்கு அது விதிவிலக்கு. புத்தாண்டு இரவாகவும் இருப்பதால் மைதானத்திற்கான அனுமதிக் கடிதத்தை நவம்பரிலேயே கொடுத்து, தெருவிளக்கை ஒரு மணி நேரம் அணைத்துவைக்க ஊராட்சியிலும் சொல்லிவையுங்கள்.