ஹார்டு டிஸ்க்கைப் பிரிப்போம், கணக்கைக் காப்போம்



கடமலைக்குண்டுப் பக்கம் தோட்டத்துக்கு வரப்பு எதுக்குன்னு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஹார்டு டிஸ்க்கில் பார்ட்டிஷன் என்பதும் வரப்புதான். ஃபார்மேட் என்பது உழுது பாத்தி கட்டுவது. பழைய பயிர் மிஞ்சாது. கூட்டமைப்புக்குப் புது டிஸ்க் வாங்கினால் நாமே தயார் செய்யலாம்.

1. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து 'டிஸ்க்பார்ட்' என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். கீழே வருவதும் அப்படியே.

2. 'லிஸ்ட் டிஸ்க்': டிஸ்க்குகள் அளவோடு வரும். 500 ஜிபி டிஸ்க் 465 என்று காட்டும், பயப்பட வேண்டாம்.

3. 'செலக்ட் டிஸ்க் 1': 1 என்பது உதாரணம். புது டிஸ்க்கின் எண்ணைப் போடுங்கள். மறுபடி 'லிஸ்ட் டிஸ்க்' அடித்தால், தேர்ந்த டிஸ்க் பக்கத்தில் நட்சத்திரம் தெரியும்.

4. 'கிளீன்': "அழிக்கட்டுமா?" என்று கேட்காது, உடனே துடைச்சிடும்.

5. 'கிரியேட் பார்ட்டிஷன் பிரைமரி', 'ஃபார்மேட் எஃப்எஸ்=என்டிஎஃப்எஸ் குவிக்', 'அசைன்'. இரண்டு பாகம் வேணும்னா முதல் கட்டளையோடு 'சைஸ்=200000' (எம்பி) சேருங்க; மீதிக்கு இந்த மூன்றையும் மறுபடி அடியுங்க.

எண் மாறினால் சேமிப்பு, கடன் கணக்கு மொத்தமும் போயிடும். தவணை கட்டிய அக்காவிடம் "கட்டலை"ன்னு சொல்லும் நிலை வரக்கூடாது. பென் டிரைவில் ஒரு நகல், கையெழுத்துப் போட்ட கணக்கு நோட்டு, இரண்டையும் கண்ணால் பார்த்த பிறகே 'கிளீன்' அடிப்போம்.