டிம்மரில் எல்.இ.டி. மாட்டப் போறியா? கொஞ்சம் நில்லு

பையை எடுத்துக்கிட்டுக் கடைக்குக் கிளம்பிட்ட, சரி. ஆனா இப்பவே ஒரு டஜன் பல்பு வாங்கிடாதே. அப்படி மொத்தமா வாங்கிட்டு வந்து, ஹால் டிம்மரில் மாட்டினதும் அது படபடன்னு துடிக்க, "எல்.இ.டி.யே வேஸ்ட்"னு பரண்ல போட்டவங்க வீடு எத்தனையோ பார்த்துட்டேன். மாத்துறதுக்கு ஒரு வரிசை இருக்கு. கேட்டுக்கோ.

1. ராத்திரி முழுக்க எரியுறதுல இருந்து ஆரம்பி. ஸ்டோர் ரூம் பல்பு தினம் 5 நிமிஷம்தான் எரியுது, அது அப்புறம். பெட்ரூம்ல பழைய "ஜீரோ வாட்ஸ்" பல்பு இருக்கா? பேருதான் ஜீரோ, 12, 15 வாட்ஸ் வரைக்கும் இழுக்கும். 15 வாட்ஸ்னா தினம் 9 மணி நேரத்துக்கு, ரெண்டு மாச பில்லில் 8 யூனிட். அரை வாட்ஸ் எல்.இ.டி. நைட் லேம்ப் போட்டா கால் யூனிட் பக்கம்தான் வரும். அடுத்து, குண்டு பல்பு. 60 வாட்ஸை தினம் 5 மணி நேரம் எரிச்சா ரெண்டு மாசத்துக்கு 18 யூனிட். 9 வாட்ஸ் எல்.இ.டி.க்கு 2.7. நம்ம ஊர்ல ஸ்லாப் ஒண்ணு தாண்டினாலே பில் எகிறும், உனக்குத் தெரியாததா?

2. வாட்ஸைக் கேட்டு வாங்காதே, அட்டைல லூமன் பாரு. பழைய 60 வாட்ஸ் வெளிச்சம் வேணும்னா 800 லூமன் பக்கம் இருக்கணும். நிறமும் அங்கேயே போட்டிருக்கும். 2700, 3000 கெல்வின்னா மஞ்சள், 6500னா வெள்ளை. வெள்ளைதான் பளிச்சுன்னு இருக்கும்னு பூஜை ரூமுக்கும் பெட்ரூமுக்கும் அதையே மாட்டாதே, ஆஸ்பத்திரி மாதிரி ஆயிடும்.

3. பழைய பல்பைக் கழட்டிக் கையோட கொண்டு போ. பின் ஹோல்டரா, ஸ்க்ரூவா, சின்ன ஸ்க்ரூவான்னு கடையில நின்னு போன் பண்ணிக் கேட்கிற வேலை மிச்சம்.

4. இப்ப டிம்மர். இதைப் பொறுமையாப் படி, காசு போறது இங்கேதான்.

எங்க அம்மா ரூம்ல நாலு பல்பு விளக்கு ஒண்ணு, டிம்மரோட. 40 வாட்ஸ் குண்டு பல்பு நாலையும் எடுத்துட்டு, 5 வாட்ஸ் எல்.இ.டி. நாலு மாட்டினேன். குமிழைப் பாதி திருப்பினதும் நாலும் துடிக்குது, கிட்டப் போனா ஈ சுத்துற மாதிரி ஒரு ரீங்காரம். இன்னும் கொஞ்சம் குறைச்சா பொசுக்குன்னு அணையுது. அம்மா கண்ணை மூடிக்கிட்டு, "அணைச்சுடும்மா, தலை வலிக்குது"ன்னாங்க. அட்டையை எடுத்துப் பார்த்தா "டிம்மபிள்"னு எங்கேயும் இல்லை. டிம்மபிள் பல்பே வாங்கி மாட்டினேன். துடிப்பு குறைஞ்சுது, நிக்கலை. டிம்மரையும் மாத்தின பிறகுதான் அம்மா நிம்மதியாத் தூங்கினாங்க.

காரணம் இதுதான். பழைய டிம்மர் கரண்டை நொடிக்கு 100 தடவை வெட்டி வெட்டி விடும். குண்டு பல்புக்குள்ள சூடாகிற கம்பி அதைத் தாங்கிக்கும். எல்.இ.டி.க்குள்ள இருக்கிறது ஒரு சின்ன சர்க்யூட், டிரைவர்னு சொல்வாங்க. வெட்டி வெட்டி வர்ற கரண்டுக்குன்னே செய்யாத டிரைவர் தடுமாறும், சீக்கிரமே கெட்டும் போகும். இன்னொண்ணு, அந்த டிம்மர்ல பலதும், பல்பு குறைஞ்சது 40, 60 வாட்ஸாவது இழுத்தாத்தான் ஒழுங்கா ஓடும். 160 வாட்ஸ் இருந்த இடத்துல 20 வாட்ஸ் வந்தா அது என்ன செய்யும்?

அதனால:

• பல்பு அட்டைல "டிம்மபிள்"னு இருக்கணும். கடைக்காரர் வாய் வார்த்தை வேண்டாம்.
• டிம்மர் எல்.இ.டி.க்குன்னு வர்றதா கேளு. "ட்ரெய்லிங் எட்ஜ்"னு போட்டிருந்தா நல்லது. 400 வாட்ஸ் டிம்மர்னா 400 வாட்ஸுக்கு எல்.இ.டி. மாட்டலாம்னு அர்த்தமில்லை. எல்.இ.டி.க்கு எத்தனைன்னு தனியாப் போட்டிருக்கும், அதைப் பாரு.
• ஒரே டிம்மர்ல ஒரு குண்டு பல்பு, மூணு எல்.இ.டி.ன்னு கலக்காதே.
• முதல்ல ஒரு விளக்குக்கு மட்டும் வாங்கி, ராத்திரி முழுசாக் குறைச்சுப் பாரு. சரியா இருந்தா மத்ததுக்கு வாங்கு.
• டிம்மர் மாத்துற வேலை எலக்ட்ரீஷியனோடது. மெயினை அணைச்சுட்டுத்தான் தொடணும், நீ ஸ்க்ரூடிரைவரை எடுக்காதே.

உண்மையைச் சொல்லு, அந்தக் குமிழை நீ கடைசியா எப்பத் திருப்பின? ஞாபகம் இல்லைன்னா டிம்மரைக் கழட்டிட்டு சாதா ஸ்விட்ச் போட்டுடச் சொல்லு, செலவு மிச்சம். ஸ்விட்சை அணைச்சு அணைச்சுப் போட்டா வெளிச்சம் மாறுற பல்பும் கிடைக்குது, அதுக்கு டிம்மரே தேவையில்லை. போன்ல இயக்குற ஸ்மார்ட் பல்பை மட்டும் டிம்மர் லைன்ல மாட்டவே மாட்டாதே.

5. ஃபேன் ரெகுலேட்டர்ல பல்பைக் கொடுத்து வெளிச்சம் குறைக்கலாம்னு யாராவது யோசனை சொன்னா கேட்காதே. அது ஃபேன் மோட்டாருக்கு உண்டானது.

6. அணைச்ச பிறகும் பல்பு மினுக் மினுக்னு இருக்கா? பயப்படாதே. ஸ்விட்சில சின்ன சிவப்பு இண்டிகேட்டர் இருந்தா, அது வழியாக் கசியுற துளி கரண்டுதான். இண்டிகேட்டர் இல்லாமலும் மினுக்கினா, ஸ்விட்ச் ஃபேஸ்ல இல்லாம நியூட்ரல்ல இருக்கலாம். அப்படி இருந்தா ஸ்விட்சை அணைச்சாலும் ஹோல்டர்ல கரண்டு இருக்கும். உடனே ஆளைக் கூப்பிடு.

7. நாலு பக்கமும் மூடின கண்ணாடிக் கூண்டுக்குள்ள மாட்டினா டிரைவர் சூட்டுல வெந்துடும். மூடின விளக்குக்கு ஏத்ததுன்னு போட்டிருக்கிற பல்பாப் பார்த்து வாங்கு.

8. மாட்டுறதுக்கு முன்னாடி பல்பு அடியில மார்க்கரால தேதி எழுது. பில்லையும் அட்டையையும் ஒரு கவர்ல போட்டு மீட்டர் பாக்ஸ் பக்கத்துல மாட்டி வை. வாரண்டிக்குள்ள போச்சுன்னா தேடி அலைய வேண்டாம்.